புள்ளிக்குப் பிறகு

வேதாளையில் இரவு பத்தரைக்குத்தான்
சிக்னல் ஒரு நிதானத்துக்கு வரும்.
போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்து
மூன்றாம் பாடம் திறந்தேன்.
விரலிடுக்கில் இன்னும் நண்டு வாடை.
இரண்டு தட்டுக்கு ஒரு தட்டுதான் ஏற்றது திரை;
ஓடு உடைத்து உடைத்து ரேகை தேய்ந்த விரல்.

மாறி என்றால் ஒரு டப்பா என்றான் வீடியோப் பையன்.
பெயர் எழுதி ஒட்டு, உள்ளே மதிப்பை வை.
டப்பாவைப் பற்றி எனக்கா சொல்கிறாய்,
நாளைக்கு எத்தனை கழுவி அடுக்குகிறேன்!
ஆனால் என் டப்பாவில் புதுச் சதை போட்டால்
பழையது அடியில் கிடக்கும்,
நாறும், காட்டிக்கொடுக்கும்.
இவனுடையதில் புதியது விழுந்ததும்
பழையது இருந்த தடமே இல்லை.
கொஞ்சம் பயமாக இருந்தது.

எடை என்று தமிழிலேயே பெயர் வைத்துப் பார்த்தேன்.
முறைக்காமல் வாங்கிக்கொண்டது.

டோக்கன் = 017
சிவப்பாகக் கத்தியது. முன்னால் சுழி கூடாதாம்.
ஏழு வருஷமாக என் ஏப்ரனில் தைத்த எண்
பிழையாம்.
மேற்கோள் குறிக்குள் போடு, அப்போது அது ஸ்ட்ரிங் என்றான்.
போட்டேன். அடங்கியது.
சரிதான்,
என்னை யார் கூட்டப்போகிறார்கள்,
யார் இரண்டால் வகுக்கப்போகிறார்கள்?
கூப்பிடத்தானே அது.
எண்போல இருப்பதெல்லாம் எண் இல்லை
என்று நோட்டில் எழுதினேன்.
சாட்சிக்குப் பக்கத்திலேயே
ஜபீனாவின் போன் நம்பர்.

பிறகு முழு எண்.
3.85-ஐ முழு எண்ணாக்கு என்றேன்.
3 என்றது.
நாலு வரும் என்று நினைத்திருந்தேன்;
பள்ளிக்கூடத்தில் அப்படித்தான்,
அரையைத் தாண்டினால் மேலே ஏறும்.
திரும்பக் கேட்டேன். 3.
3.99-க்கும் 3.
இது ஏற்றவும் இல்லை இறக்கவும் இல்லை,
புள்ளியில் கத்தி வைக்கிறது.

அப்போதுதான் எழுந்துபோய்
சம்பளச் சீட்டு குத்திவைத்த கம்பியை எடுத்துவந்தேன்.
மார்ச் மாதம்.
3, 4, 3, 3, 5, 2.
ஒன்றிலும் புள்ளி இல்லை.
தராசின் சிவப்பு விளக்கில் நான் பார்த்த புள்ளி,
காலண்டர் முதுகில் தினமும் குறித்த புள்ளி,
ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போனது, வரவில்லை.
இருபத்தாறு நாள். விட்டுப்போனதை மட்டும் கூட்டினேன்.
பன்னிரண்டு கிலோ நானூறு கிராம்.
கிலோவுக்கு நூற்றிருபது ரூபாய்.
பெருக்கலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்,
எங்கள் மேசையில் மட்டும் ஒன்பது பேர்.

காலையில் சூப்பர்வைசர் அமலதாஸ்,
சீட்டைப் பார்க்காமலே:
"சாப்ட்வேர் அப்படி, ரெக்ஸி.
மெஷினுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."
"மெஷினுக்குப் புள்ளி தெரியும்ணே.
எடைக்கு இன்ட்டுன்னு யாரோ எழுதியிருக்காங்க.
அழிச்சிட்டு ஃப்ளோட்டுன்னு எழுதணும்.
ஒரு சொல்லு."

ஆவி அடுப்பு மட்டும் சீறிக்கொண்டிருந்தது.
அந்த நிமிஷம் ஹாலில்
ஒரு நண்டுக்கால் கூட உடையவில்லை.
அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.
அதற்கும் ஒரு வகை இருக்கிறதா என்று
நாலாம் பாடத்தில் பார்க்க வேண்டும்.

மறுநாள் தராசு
சரியாக நாலு கிலோ காட்டியது,
கூடாமல் குறையாமல், கேலிபோல.
பரவாயில்லை, இப்போது எனக்குத் தெரியும்:
பழைய கணக்கென்றால் சீட்டில் 4.
மாற்றியிருந்தால் 4.0.
கடையில் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே அரிசிதான்,
இருந்தாலும்.

சீட்டு வந்தது. நாலு.
நாலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.
ஜபீனா தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.
நகத்தால் சுரண்டினேன்.
நண்டு ஓட்டுத் துணுக்கு.