உப்புத் தண்ணீருக்கு ஒத்திகை

மேட்டுப்பாளையத்தில் கேரட் மூட்டைகளை இறக்கிய கையோடு
அறுநூற்றைம்பது ரூபாய்க்குத் தூண்டில் வாங்கி வந்தார் யோகராசா.
மடக்கினால் முழங்கை நீளம்.
நீட்டினால் எங்கள் லைன் வீட்டுக்குள் நிற்காது,
கூரைத் தகரத்தில் இடிக்கும்.

மே மாதம் ராமேஸ்வரம்.
நான்கு நாள் லீவு. போக ஒன்று, வர ஒன்று.
நடுவில் இரண்டு நாளும் பிள்ளைகள் மீன் பிடிக்க வேண்டுமாம்.
"நீங்க பிடிச்சிருக்கீங்களா?"
"லாரிக்குக் கயிறு வீசிக் கட்டுறவனுக்கு இது தெரியாதா?"

இந்த வீட்டில் கடலைக் கண்டவர் அவர் ஒருவர்தான்.
அதுவும் மூன்று வயதில், தலைமன்னாரிலிருந்து வந்த கப்பலில்,
அம்மாவின் சேலைக்குள் முகம் புதைத்து.
கேட்டால், பச்சை நிறம், பூப்போட்டது என்பார்.

கொக்கி வேண்டாம் என்று நான் சொன்னதால்
நூல் முனையில் ஒரு இரும்பு நட்டு.
பத்தடி தள்ளி நீலப் பக்கெட். அதில் விழ வேண்டும்.
முதல் வீச்சு சில்வர் ஓக் கிளையில்.
இரண்டாவது, பரிமளத்தின் கொடியில் காய்ந்த பாவாடையில்.
மூன்றாவதை நிரோஷா வீசினாள். ஏழு வயது.
பக்கெட் விளிம்பில் டங்கென்றது.
கபிலன் வீசவே இல்லை.
கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்,
நூல் முழுதும் வந்துவிட்ட பிறகும்.

சாயங்காலம் கோத்தகிரிப் பள்ளத்தாக்கில் பனி ஏறியது.
"இதோ கடல். வீசு பார்க்கலாம்."
"கடல்னா சத்தம் போடணும்ப்பா" என்றாள் கறாராக.
எங்கோ கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்தது.
"அது கப்பல்."
அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி.
அவர் கொக்கியை மாட்டிவிட்டார்.
பரோட்டா மாவை உருட்டிக்கொண்டு ஓடைக்குப் போயிருக்கிறார்கள்.
மதியம் மூவரும் சுகாதார நிலையத்துக்கே வந்தார்கள்:
கட்டைவிரலில் கொக்கியோடு அவர்,
அழுது வீங்கிய கபிலன்,
பக்கெட்டைத் தளும்பாமல் பிடித்த நிரோஷா.
அதில் விரல் நீளத்தில் ஒரு மீன்.

கொக்கியைப் பின்னால் இழுக்கக் கூடாது, முள் இருக்கிறது.
முன்னால் தள்ளி, முனை வெளியே வந்ததும்
கட்டிங் பிளேயரால் நறுக்கி, பிறகுதான் உருவ வேண்டும்.
நான் பெருக்கித் துடைக்கிறவள். நர்சு லீவு.
பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான்.
"மீனுக்கும் இப்படித்தான் எடுப்பாங்களா?" என்றான் கபிலன்.
எனக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்தால் உப்பு டப்பா காலி.
பக்கெட்டின் அடியில் கல்லுப்பு இன்னும் கரையவில்லை.
மேலே, வயிறு காட்டியபடி மீன்.
"கடல் மாதிரி ஆக்கினேன்மா. அதுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."
விரலைத் தொட்டு நக்கி, என்னிடமும் நீட்டினாள்.

"இது ஓடை மீன்மா" என்றார் அவர்,
கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி.
"உப்பு ஒத்துக்காது."
"கொஞ்சம் கொஞ்சமாப் போட்டிருந்தா?"

அவர் வாசலுக்குப் போய் லாரி டயரை உதைத்துப் பார்த்தார்.
காற்று சரியாகத்தான் இருந்தது.
நான்கு டயரையும் உதைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.
சோற்றில் உப்பில்லை. யாரும் சொல்லவில்லை.

நாளை காலை ஆறு பத்துக்கு பஸ்.
கொக்கி டப்பாவைக் கபிலன் எங்கோ ஒளித்துவிட்டான்.
நான் தேடவில்லை. நட்டு மட்டும் தூண்டிலோடு வருகிறது.
இரண்டு நாளும் கடலில் நட்டை வீசிக்கொண்டிருக்கலாம்,
நாலு வயதுக்கு அது போதும்.

துணிகளுக்கு நடுவே கனமாக ஏதோ இடறியது.
இரண்டு லிட்டர் பாட்டில், மூடி வரை ஓடைத் தண்ணீர்.
"எதுக்குடி இது, மீனுக்கா?"
"இல்ல," என்றாள் நிரோஷா போர்வைக்குள்ளிருந்து,
"எனக்கு."

எடுத்து வெளியே வைத்தேன்.
விளக்கை அணைத்த பிறகு எழுந்து திரும்ப உள்ளே வைத்தேன்.
கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டும் வாந்தி எடுக்கும்.
எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டேன்.