நாளொன்றுக்கு எத்தனை வண்டி

பாலத்தடியில் மோட்டார் சைக்கிளைச்
சவுக்கு மரத்தில் சாத்திவிட்டு
அளக்கும் சக்கரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.
படிவம் பொலித்தீன் பைக்குள்.
அட்டைக்குப் பயந்து
முழங்கால் வரைக்கும் சவர்க்காரம்.

வீதியின் பெயர்?
"மேல்கணக்குக்குப் போற ரோட்டு."
வீதி யாருக்குச் சொந்தம்?
பாலம் வரைக்கும் சபைக்கு.
பாலம் தாண்டினால் கம்பனிக்கு.
பாலம்?
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்பனிக்குக் கொழுந்து லொறி
மடுவம் வரைக்கும் வந்தால் போதும்.
அதற்கு மேலே ஏறி இறங்குவது
அறுபத்திரண்டு குடும்பம்.

தரை எப்படிப்பட்டது,
தாரா, கொங்கிரீட்டா, சரளையா, மண்ணா,
ஒன்றுக்கு மட்டும் அடையாளமிடுக.
"எந்த மாசத்துக்குப் போடுறீங்க?" என்றார்
நல்லமுத்து.

பிறகு அந்த ஏழாவது கேள்வி:
நாளொன்றுக்கு எத்தனை வண்டி.
இருபதுக்குக் கீழே என்றால் புள்ளி இல்லை,
புள்ளி இல்லாவிட்டால்
அடுத்த வருடப் பட்டியலில் பெயர் இல்லை.
இதை நான் மெதுவாகத்தான் சொன்னேன்.

லெச்சிமலர் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"வண்டி வந்தாத்தான் ரோட்டு போடுவீங்க,
ரோட்டு போட்டாத்தான் வண்டி வரும்.
இதுல நாங்க எதத் தூக்கிட்டு வரணும்?"

தூக்கிவந்ததையெல்லாம் சொன்னார்கள்.
கேஸ் சிலிண்டர்.
கோயில் கூரைக்குத் தகரம், நாற்பத்தெட்டு.
கல்யாணத்துக்கு வாங்கிய அலுமாரி,
கண்ணாடியை மட்டும் தனியாக,
பெண்ணின் தம்பி நெஞ்சோடு அணைத்து.
ஐஸ் பெட்டிக்கு ஆறு பேர்.
"அந்த ஆறையும் வண்டின்னே எழுதுங்க சார்."

கீழே தூக்கிப்போனதைப் பற்றி
நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.
கம்பளியைக் கம்பில் கட்டி
யோகாம்பிகையைச் சுமந்த இரவு,
மடுவத்தைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்தது.
விடிந்ததும் கொழுந்துத் தராசிலேயே நிறுத்தார்கள்,
இரண்டு கிலோ எண்ணூறு.
பழக்கத்தில் கணக்கப்பிள்ளை
சாக்குக்கென்று இருநூறு கழித்தாராம்.
சொல்லிச் சிரித்தார்கள்.
யோகாம்பிகையும் சிரித்தாள்,
எல்லாரும் முடித்த பிறகு.

அந்தப் பையன் இப்போது ஐந்து வயது,
கூப்பிடும் பெயர் தராசு.
என் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.
இந்த வருடம் மேல்கணக்குக்கு ஏறிய சக்கரம்
இது ஒன்றுதானாம்.

கொடுத்தேன்.
லயத்து வாசலிலிருந்து பீலிக்கரை வரைக்கும்
வாயாலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓட்டினான்,
வளைவில் நிறுத்தி ஒரு கோழிக்கு வழி விட்டான்,
திரும்பி வந்தான், மறுபடியும் போனான்.
கீழிருந்து நான் உருட்டிவந்த
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர்
அவன் கையில் இரண்டாயிரத்துச் சொச்சமாயிற்று.

மறுபடியும் பூஜ்ஜியத்தில் வைத்து
இறங்கும்போது அளந்தேன்.
ஏழாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
வகை என்ற இடத்தில்
பேனா சற்று நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது.

நாளை காரியாலயத்தில்
இந்த ஒன்று என்ன வண்டி என்று கேட்பார்கள்.
ஹோர்ன் இருந்தது என்று சொல்லலாம்.
பாலத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன்.
சவர்க்காரத்தையும் மீறி
மூன்று அட்டை.