முப்பத்தைந்தரை

மசினகுடியில் டீ குடித்தபோது
மலை சும்மா நீலமாய்த்தான் இருந்தது.
மாவனல்லா தாண்டியதும்
கியரில் இனி இறக்கப் பல் இல்லை.

வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை.
ஏழில் ஜெர்கினைக் கழற்றிக் கேரியரில் கட்டினேன்.
பதினாறில் பேச்சு நின்றது.
பத்தொன்பதின் பலகை
பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது.
யானை என்றான் போஜராஜ்.
லாரி என்றேன்.
அதற்கு மேல் சண்டை போட
இருவருக்கும் மூச்சில்லை.

இருபத்தேழில்,
கேரட் ஏற்ற மேலே போகும் காலி டெம்போ
எங்களைவிடக் கொஞ்சம்தான் வேகம்,
பின்னாலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டது.
"புடிச்சுக்கங்கக்கா!"
பிடித்தேன்.

கால்கள் சும்மா இருந்தன.
முதன்முறையாக அப்போதுதான் பார்த்தேன்:
கீழே மாயாறு பக்கமெல்லாம் வெயில்,
காட்டின் மேல் நகரும்
ஒற்றை மேகத்தின் நிழல்.
அரை வளைவு இருக்கும்.
விட்டுவிட்டேன். ஏனென்று தெரியாது.
உள்ளங்கை காந்தியது.

தலைகுந்தாவில் தைலமரக் காற்று.
சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு
முப்பத்தாறு என்று அவன் கையை நீட்டினான்.
நான் இடது கையைக் கொடுத்தேன்.