நான்காவது சுவிட்ச்

பனிச்சரிவு கண்ணாடி இழையை அறுத்துக்கொண்டு போனது.
கைபேசிக் கோபுரத்தையும் விட்டுவைக்கவில்லை.
மிச்சம், துணைமின் நிலையக் கூரைமேல் ஒரு தட்டு.
அதிலும் பனி.
ரொட்டிப் பலகையால் வழித்துப்போட்டான் நெக்ரூஸ்.

"கோரோக், கேட்கிறதா?"

சொல் மேலே போக வேண்டும்,
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்.
அங்கே ஒரு தகரப்பெட்டி அதை ஏந்தி
மலைக்கு இந்தப் பக்கம் எறிய வேண்டும்.
பதிலுக்கும் அதே வழிதான்.
போக வர அரை நொடி.

"கேட்கிறது," என்றாள் மெஹ்ரங்கீஸ். "விசையாழி?"
"சுற்றுகிறது. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு."
"மருத்துவமனைக்குக் கொடு."

கொடுத்தான்.
ஊசி தாழ்ந்தது, தள்ளாடியது,
ஈன்ற கன்று மாதிரி
கால் பரப்பி எழுந்து நின்றது.

பிறகு நீரேற்று நிலையம்.
பிறகு பள்ளிக்கூடம்;
ஊரில் பாதி அங்கேதான் படுத்திருக்கிறது.

நான்காவது சுவிட்சுக்குக் கீழே
அவனே எழுதி ஒட்டிய சீட்டு:
மேலத்தெரு.
பதினாறு வீடு. ஒன்றில் ஸைனூரா, எட்டாம் மாதம்,
மின்னடுப்பைத் தவிர அடுப்பில்லை.

"நாலாவது?"

அரை நொடி.
இன்னொரு அரை நொடி.
இன்னொன்று.
இது வானத்தின் தாமதமில்லை.

"தாங்காது, நெக்ரூஸ். விடியட்டும்."

அது யார் தெரு என்று அவளுக்குத் தெரியும்.
தெரியாதவள் குரலில் சொன்னாள்.
அந்த மட்டுக்கும் அவளுக்கு நன்றி.

கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான்.
இணைப்பு கரகரத்தது:
தட்டின்மேல் மறுபடியும் பனி.
பலகையைத் தேடினான்.
ஏணி ஏறும்போது
மேலத்தெருப் பக்கம் பார்க்கவில்லை.
பார்த்தாலும்
இருட்டுதான்.