இருபத்துநாலு போல்ற்

சுற்றத் தொடங்கினால்
காரைநகர் பஸ் வீட்டுக்குள் வந்துவிட்டதென்று
அடுத்த வளவு நாய் குரைக்கிறதாம்.
இதயராணி அக்கா போனில் சொன்னது அவ்வளவுதான்.
பெயாரிங், என்றேன்.

ஆனைக்கோட்டையில் அவவின் குசினிக்குப் பின்னால்
முன்கதவு மெஷின்,
மேலே கொம்பனிக்காரன் எழுதிவைத்த துண்டு:
தொட்டி முழுதாக மாற்றவேண்டும். எழுபத்தெட்டாயிரம்.
"வாங்கி நாலு வருசமும் ஆகேல்லைப் பிள்ளை."

முதலில் தண்ணீர் வடிக்கவேணும்.
வடியின் வாய் நிலத்திலிருந்து மூன்று விரல்.
எந்தச் சட்டியும் அதன் கீழ் நுழையாது.
சாப்பாட்டுத் தட்டத்தால் ஏந்தி ஏந்தி ஊற்றினோம்,
பதினேழு தட்டம்.
உள்ளே இரண்டு ரூபாய்க் குற்றி, சட்டை ஊசி,
ஒரு பால்பல்.
"அது என்ரை" என்று அபிசன் பறித்துக்கொண்டு ஓடினான்.

கதவு றப்பரைப் பிடித்திருக்கும் கம்பி வளையம்
கழற்ற ஒரு கை, மாட்ட நாலு கை.
பாரத்துக்குக் கொங்கிறீற் கட்டி.
கப்பலேறி வந்த கொங்கிறீற்!
இந்த ஊரில் இல்லாத கல்லா.

பிறகு தொட்டி.
பின்பாதி, முன்பாதி, நடுவில் ஆணி இல்லை.
உருக்கி ஒட்டியிருக்கிறது.
திருத்த வருகிறவளை
இதை வரைந்தவன் நினைக்காமல் விடவில்லை.
நினைத்துத்தான் ஒட்டியிருக்கிறான்.

விளிம்பு சுற்றி இருபத்துநாலு துளை போட்டேன்,
அறுத்தபின் பொருத்த அடையாளம் வேணுமே.
வாள் அலகைத் துணி சுற்றிப் பிடித்து
மத்தியானம் முழுக்க அறுத்தேன்.
தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளைத் தூள்
என் மடியில், அவவின் செவ்வரத்தையில்.

ஒஸ்லோவிலிருந்து தம்பிக்காரன் வீடியோவில்:
"அதை எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ அக்கா, காசு போடுறன்."
அக்கா போனைத் திருப்பி
இரண்டாய்க் கிடந்த தொட்டியைக் காட்டினா.
அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

ட்ரம்மைத் தாங்குகிற மூன்று கால் அலுமினியம்.
ஒரு கால் செல்லரித்த ஏடு.
நகத்தால் சுரண்டினால் சாம்பல்.
உருக்கும் அலுமினியமும்
சவர்க்காரத் தண்ணீரில் ஒட்டி நின்றால்
ஒன்று மற்றதைத் தின்னும்.
பத்தாம் ஆண்டு விஞ்ஞானம்.
வரைந்தவனும் பத்தாம் ஆண்டு படித்திருப்பான்.
எங்கள் கிணற்றுச் சுண்ணாம்பை அவன் அறியமாட்டான்,
அதற்கு மன்னிப்பு.
மற்றதற்கு இல்லை.

பெயாரிங்கின் இலக்கத்தைத் துடைத்து வாசித்தேன்.
ஸ்ரான்லி றோட்டில்
தோட்டத்து வோட்டர் பம்புக்கு விற்கிற அதே இலக்கம்.
இரண்டும் சீலும் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூறு.
கடைக்காரர் "எந்தப் பம்ப்?" என்றார்.
உடுப்புத் தோய்க்கிற பம்ப், என்றேன்.

தின்ற காலைத் தேய்த்துக்
குருநகரில் வள்ளத்துக்குப் பூசுகிற பிசினை
மூன்று தரம் பூசினேன்.
எவ்வளவு காலம் தாங்கும்?
அக்கா கேட்டா. எனக்குத் தெரியாது.
தெரியாது என்றே சொன்னேன்.

சிலிக்கன் இழுத்து, இருபத்துநாலு போல்ற்.
முதல் ஓட்டத்தில் ஒன்பதாவதில் கசிந்தது.
இறுக்கினேன். திரும்பக் கசிந்தது.
சைக்கிள் ரியூப் துண்டு வெட்டி வைத்தேன்.
நின்றது.

சுற்றியது.
துவாய்கள் கண்ணாடியில் வந்து வந்து போயின.
அக்கா காதை மெஷினில் வைத்து
"ஓடுதா?" என்றா.
நாய் என்னவோ குரைத்தது,
அது வேறு விசயமாக இருக்கலாம்.

மேல்மூடியைப் பூட்டமுன்
உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன்,
இனித் திறக்கிற ஆருக்கோ, எனக்கோ:

பத்தாம் நம்பர் ஸ்பானர்.
வாள் தேவையில்லை.
ஒன்பதாவது வழுக்கும், பார்த்து.