மூன்று பத்து

இந்தியில் ஒரே சொல்.
கூன் என்றால் ரத்தம்.
கூன் என்றால் கொலை.
"என் கூன்" என்று தகப்பன் மார்பில் அறைந்தால்
பிள்ளை என்று பொருள்.
தமிழில் அப்படியே எழுதினால்
முதுகுதான் வளைகிறது.

ஈசூனில் ஒன்பதாம் மாடி.
இரவு பதினொன்றுக்கு மேல் வேலை.
காதில் ஹெட்போன், பக்கத்தில் ஆறிப்போன மைலோ.
திரையில் தேஜ்பாலின் அண்ணனைக்
கரும்புத் தோட்டத்துக்குள் வைத்து வெட்டுகிறார்கள்.
வசனம் இல்லாத வெட்டு,
எனக்குக் கூலி இல்லாத வெட்டு.
அலறலை எழுத வேண்டாம்,
அது எல்லாருக்கும் புரியுமாம்.

வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று
நொடி பிசகாமல் நான் குறிக்க வேண்டும்.
அதில் நான் கெட்டிக்காரி.
போலீஸ்காரரும் அதைத்தான் சொன்னார்:
"நேரத்தை ரொம்பத் துல்லியமாச் சொல்றீங்க."

ஏழாம் பாகத்தில்
தேஜ்பால் சபதம் போடுகிறான்.
அண்ணன் சிதை ஆறுமுன் நாலு தலை.
"பழிக்குப் பழி" என்று தட்டினேன்.
இடைவெளியோடு எட்டு எழுத்து.
நிறைய இடம் மிச்சம்.

எங்கள் வீட்டில் யாரும் சபதம் போடவில்லை.
சித்தப்பா மகன் நவநீதனை
பூன் லே காப்பிக்கடை வாசலில் கீறிவிட்டார்கள்,
காதிலிருந்து வாய் வரை, பதினாறு தையல்.
புவனேந்திரன் கேட்டுக்கொண்டே
பொட்டலத்து மீ கோரெங்கை முழுசாகச் சாப்பிட்டான்.
தாளை மடித்துக் குப்பையில் போட்டான்.
சட்டை மாற்றிக்கொண்டு போனான்.
பின்னணி இசை இல்லை.
கீழே போன லிஃப்ட்
ஏழாம் மாடியில் ஒருமுறை நின்றது, யாருக்காகவோ.

காலையில் வெற்றுத்தளத்தில்
மலாய்க் கல்யாணத்துக்கு அடுக்கியிருந்த
நாற்காலிகளுக்கு அடியில் பாராங் கிடந்தது.
பிடி வழுக்காமல் இருக்க
மீ கோரெங் பொட்டலத்து ரப்பர் பேண்டை
அவன் அதில் சுற்றியிருந்தான்.

பதினோராம் பாகம்.
தேஜ்பாலின் அம்மா
கோதுமை மாவு டின்னுக்குள் துப்பாக்கியைப் புதைக்கிறாள்.
இன்ஸ்பெக்டர் கேட்கிறார்.
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்கிறாள்:
என் மகன் ராத்திரி பூரா வீட்டில்தான் இருந்தான்.

நிறுத்தினேன்.
பின்னால் ஓட்டினேன். மறுபடியும்.

அம்மாவுக்கு அன்று முக்காடு இல்லை,
நைட்டிக்கு மேல் துண்டு.
சொன்னது இதேதான், அந்தப் பூரா உட்பட.
பூரா இரண்டு மொழிக்கும் பொது.
அவள் முதுகுக்குப் பின்னால் நின்று
நான் சொன்னேன்: மூன்று பத்து.
கதவு திறந்தது மூன்று பத்து.
குளியலறைக் குழாய் மூன்று பன்னிரண்டு.
யாரும் கேட்காததையும் சொன்னேன்,
குழாய் நின்றது நாலு.

ஏழு வருஷம், ஆறு பிரம்படி.
சாங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து
"சாப்ட்டியா?" என்று புவன் கேட்கிறான்.
ஒரே வீட்டில் இருக்கும் அம்மா கேட்பதில்லை.
சோறு மட்டும் மூடி வைத்திருக்கும்.

இந்திக்கு ரத்தமும் கொலையும் ஒன்று என்று
சிரித்துக்கொண்டிருந்தேன்.
நமக்குத் தீர்ப்பதும் பழி,
சுமப்பதும் பழி.

புதன்கிழமை ஒளிபரப்பு.
அம்மா சோபாவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு
கீழே ஓடும் எழுத்தை வாய்விட்டு வாசிப்பாள்.
எழுதியது யார் என்று எங்கும் வராது.
நான் சமையலறையில் நின்றுகொண்டு
கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தேன்.
மாவு டின் மூடுகிற சத்தம்.
"என் மகன் ராத்திரி பூரா" என்று ஆரம்பித்தாள்.
வரி போய்விட்டது.

டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்,
"சீக்கிரமா எடுத்துட்டே.
இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்."