முதல் நான்கு எழுத்து

வெற்றுப் படிவம் என்று திறந்தேன்.
உள்ளே ஆள் இருந்தது.
நேற்றுச் சாயங்காலம் வந்துபோன தங்கலீலா:
ஆண்டு வருமானம், கைபேசி எண்,
பிள்ளைகள் பூஜ்யம் என்ற கட்டம் வரைக்கும்.
தட்டாமல் குளியலறைக் கதவைத் தள்ளியவள் போல
மூடினேன்.

முதலாளி சொல்லுவார்:
அழிக்காண்டாம் பிளே, வட்டம் திருவட்டாறு,
மாவட்டம் கன்னியாகுமரி, எல்லாருக்கும் ஒண்ணுதானே,
பேரை மட்டும் மாத்து.

குலசேகரத்தில் அன்று மழை.
பால்வெட்டு இல்லை, அதனால் கடை நிறைய ஆள்,
பக்கத்து ஷீட் குடோனின் ஆசிட் வாடை.
றோஸ்லெட் அக்கா போனை நீட்டினாள்.
மகளுக்கு நர்சிங் சீட்டு, கடன் மனு, நாளை கடைசி.
வங்கி அனுப்பிய கோப்பு பூட்டியிருக்கிறது.

பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில்.
பிறகு பிறந்த தேதி, மாதம்.

ஆர் ஓ எஸ் இ. தவறு.
ஆர் ஓ எஸ் எல். தவறு.
ரேஷன் கார்டில் உள்ளபடி எஸ்ஸுக்கு இசட்.
பள்ளிக்கூடத்தில் எழுதிவிட்ட ஜூன் ஒன்று.
அம்மை சொன்ன, சிவாலய ஓட்டம் கழிஞ்ச மூணாம் நாள்.
எத்தனை தடவை தப்பினாலும்
கோபப்படாத பூட்டு அது. திறக்கவும் இல்லை.

"அந்தக் கணக்கு," என்றாள் மெதுவாக,
"நான் கெட்டிட்டு வரியதுக்கு மின்னே தொடங்கினது."
"அப்போ உங்களுக்க பேரு?"

கேட்டிருக்கக் கூடாது.
வரிசையில் மூன்றாவதாக
அவள் மாப்பிள்ளையின் தங்கச்சி நிற்கிறாள்.

அக்கா விசைப்பலகையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு
மின்விசிறியைப் பார்த்தேன்.
நான்கு தட்டல். நீண்ட இடைவெளி.
பிறகு நான்கு.
எங்கள் பிரிண்டர், நல்லவேளை,
தாளைக் கவிழ்த்தே போடும்.
சூடு ஆறுமுன் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மனுவில் ஒரு கட்டம்:
தாயின் முந்தைய பெயர், இருப்பின்.
"அதை விட்டிரு."
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம், விடாது.
ஒரு சிறு கோடு போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.
"பேங்கில கேப்பாவ அக்கா."
"கேக்கட்டு."

அவள் போனபின் சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம்.
குப்பைத்தொட்டி வரை போய் அழித்தேன்,
தங்கலீலாவையும் சேர்த்து.

நான்கு எழுத்துகளின் மேல் மட்டும்
மழை ஈரம் விரல் விரலாக நின்றது.
துப்பட்டா நுனியால் துடைத்தேன்.
வாசிக்காமல் துடைக்க முடியவில்லை.